முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர்

போன மாதம் எங்கள் சபையின் வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஹாலிஎலவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். தேர்தல் வரப்போகிறதாம். நம்பத்தகுந்த தலைவர்களைத் தெரிந்தெடுப்பது பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் பேச வேண்டுமாம்.

"நீங்க அவ்வளவு காலம் கிராம உத்தியோகத்தரா இருந்திருக்கீங்க அங்கிள். எத்தனை கமிட்டி போட்டிருப்பீங்க! அஞ்சு பொயின்ட்டா குடுத்தீங்கன்னா வட்ஸ்அப்ல போஸ்டரா போட்டுடுவோம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஐந்து குறிப்புகளுக்கா பஞ்சம்? அவை நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலையிலேயே மனப்பாடம். பாடமாகச் சொல்லிவிட்டு, வெளியே வந்து, கூரைக்குத் தகரம் தருகிறேன் என்றவனுக்குக் கை தூக்குகிற சனத்தை என் உத்தியோக காலம் முழுவதும் பார்த்தாயிற்று. பேச வரமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனது கேட்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். போஸ்டரில் போட முடியாது, படிக்கத்தான் வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். சிங்களம் நன்றாக எழுதுவேன் என்பதால் வேலை கிடைத்தது. பதுளையில் சில மாதப் பயிற்சி. அங்கே கற்றுக்கொடுத்ததெல்லாம் எந்தப் பத்திரத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்பதுதான். அதற்குப் பிறகு லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிரிவைக் கொடுத்துவிட்டார்கள். கிராம உத்தியோகத்தர் நற்சான்றிதழ் கொடுப்பவர். இன்னார் எனக்குத் தெரிந்தவரை நன்னடத்தை உள்ளவர் என்று எழுதி முத்திரை குத்தவேண்டும். அந்தப் பிரிவில் நல்லவன் என்று நான் எழுதிக் கொடுக்காத ஆம்பிளை கிடையாது. ஆனால் ஒரு குழுவுக்குத் தலைவர் தேவை என்று வந்தால் அத்தனை நல்லவர்களில் ஒருவரும் அகப்படமாட்டார்கள்.

குழு என்றால் குடிநீர்க் குழு, வீதிக் குழு, அனர்த்த முகாமைத்துவக் குழு. கொழும்பில் யாருக்காவது ஒரு யோசனை தோன்றினால் எங்களுக்கு ஒரு குழு வரும். நடைமுறை எப்போதும் ஒன்றுதான். காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும்போதே, கூட்டம் என்று சொல்லிவிட வேண்டும். வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவிலும் சொல்ல வேண்டும். அங்கே சொன்னால்தான் தாய்மாருக்குப் போகும். ஞாயிறு பின்னேரம் சனம் வரும். வரவுத்தாள் சுற்றும். "தலைவர் பதவிக்கு யாரையாவது முன்மொழியுங்கள்" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ஒரு பேரைக் கத்தும். இன்னொரு குரல் "வழிமொழியிறேன்" என்று கத்தும். எல்லாக் கையும் மேலே போகும். மேசையில் இருக்கும் பணிஸும் தேத்தண்ணியும் அடுத்த நிமிடமே காலி. கத்திய இரண்டு பேரும் பேர் வந்தவரோடுதான் வந்திருப்பார்கள். தகுதியானவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். பிறகு என்னைத் தனியாகப் பிடித்து, "என்னா சார், இவன போய் போட்டுட்டீங்களே" என்பார்கள். நானா போட்டேன்?

இந்த வழக்கத்தை ஒருவர்தான் நிறுத்தப் பார்த்தார். உதவிப் பிரதேச செயலாளர் திருச்செல்வம். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைப் போல வேதக்காரர், சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒரே முகத்தோடு சாப்பிடுகிறவர். அவருக்குக் கீழே வேலை செய்வது பெரிய தொல்லை. நான் அனுப்பும் கூட்ட அறிக்கைகளைத் திருப்பி அனுப்புவார். ஓரத்தில் பென்சிலால் "ஏன் இவர்?" என்று மட்டும் எழுதியிருப்பார். சனம் தெரிவுசெய்தது, நான் என்ன செய்ய என்று ஒரு தடவை நேரில் போய்க் கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் சாப்பாட்டு நேரம் போய்விடும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மோசேக்கு மாமன் எத்திரோ என்ன சொன்னவர், தெரியுமோ உமக்கு?"

தெரியும் என்றேன். திறமை வேண்டும், கடவுளுக்குப் பயப்பட வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், கைநீட்டி வாங்குவதை வெறுக்க வேண்டும். சின்ன வயதிலேயே மனப்பாடம்.

"நாலும் ஒரு ஆளிட்ட இருக்கோணும். எங்கட சனம் நாலில ஒண்டைக் கண்டாக் காணும், கையைத் தூக்கிப் போடுதுகள். சத்தமாச் செபிச்சா அவர் தலைவர். சத்தமாக் கதைச்சா அவர் தலைவர். நீர் அதை எழுதிக்கொண்டு வந்து நிக்கிறீர்."

"நம்ம தோட்டத்துல வேதக்காரங்க கொஞ்சப் பேருதானே சார். மத்தவங்களுக்கு இதை எப்படி..."

"எத்திரோ ஆர்? மோசேயின்ர சனமோ? வேற சனத்தின்ர பூசாரி. அந்த மனுசன் சொன்னதை மோசே கேட்டவர். உமக்குக் கேக்க ஏலாதோ?"

அடுத்த கூட்டத்துக்கு அவரே வந்தார். மாலையைக் கழுத்தில் வாங்கவில்லை, கையில்கூட வாங்கவில்லை. முன்மொழிகிறவர் அந்த ஆள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும், வழிமொழிகிறவர் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கை தூக்கலாம் என்றார். சனம் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. கத்திப் பழகியவர்களுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டம் இருட்டும்வரை இழுத்தது, தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது, எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டே போனார்கள். ஆனால் அன்று தெரிவான குடிநீர்க் குழு உண்மையாகவே குழாயில் தண்ணீர் கொண்டுவந்தது. ஒரு பெரிய மனிதர் கொடுத்த பேர்களை அவர் ஏற்க மறுத்ததும் அவருக்கு இடமாற்றம் வந்தது. வழியனுப்பு விழாவுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். அவர் விதியை நான் விடாமல் வைத்துக்கொண்டேன். தொல்லை பிடித்தவன் என்ற பேர் எனக்கும் வந்தது.

இனி அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். பேர் சொல்லமாட்டேன், அங்கே உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் மேற்பிரிவில் வரிசையாகக் கட்டிய லய வீடுகள் சரிவான மலைக்குக் கீழே இருந்தன. மண்சரிவு அபாயம் என்று அடையாளமிட்ட இடம். மழை கூடினால் சனத்தைக் கீழே பாடசாலைக்குக் கூட்டிப் போக அனர்த்தக் குழு ஒன்று வேண்டும். அதன் தலைவர் எழும்பு என்றால் சனம் எழும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் மனதில் இருந்தது ராசம்மா. கொழுந்து எடுக்கிறவள், புருஷன் இல்லை, வாய் பொல்லாதது. யார் முகத்துக்கும் பயப்படமாட்டாள். மாதர் சங்கத்துக் கல்யாணப் பாத்திரங்கள் அவள் பொறுப்பில் இருந்த காலத்தில் பெரிய அண்டா ஒன்று காணாமல் போனது. அவளைக் கள்ளி என்றார்கள். பிறகு அது கோயில் களஞ்சியத்தில் கிடந்தது. கள்ளி என்று சொன்ன ஒருத்தரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு முதல் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முடியாது என்றாள். திரும்பவும் போனேன். அன்று வேதத்தில் யோதாம் சொன்ன கதையை அவளுக்குச் சொன்னேன். மரங்களெல்லாம் ராஜா தேடிப் போகின்றன. ஒலிவமரம் எனக்கு என் எண்ணெய் போதும் என்கிறது. அத்திமரம் என் இனிப்புப் போதும் என்கிறது. திராட்சையும் மறுக்கிறது. கடைசியில் முட்செடி, வாருங்கள், என் நிழலில் ஒதுங்குங்கள் என்று கூப்பிடுகிறது. முட்செடியைத் திட்டி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒலிவமரத்தைத் திட்டி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை.

ராசம்மா முழுவதையும் கேட்டாள்.

"கத நல்லா இருக்கு சார். அந்த மரத்தையெல்லாம் யாரும் கள்ளின்னு சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

கூட்டத்தில் ஞானமுத்துவை முன்மொழிந்தார்கள். எங்கள் சபை மூப்பர். எறும்பை மிதிக்காத மனிதர். முன்மொழிந்தவர் அவர் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதைச் சொன்னார். வழிமொழிந்தவர் அவர் ஒருநாளும் குடித்ததில்லை என்றார். இரண்டும் உண்மை. இந்துக்களும் சேர்ந்தே கை தூக்கினார்கள்: "சாமி ஆளு சார், அவரே இருக்கட்டும்." நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. ஆனால் எனக்குத் திருப்தியில்லை. ஞானமுத்து பொய் சொல்லமாட்டார். அடுத்தவர் மனம் நோகும் என்றால் உண்மையையும் சொல்லமாட்டார்.

அந்த வருஷ மழையில் ஒருநாள் காலை பதுளையிலிருந்து எனக்கு எச்சரிக்கை வந்தது. உடனே ஞானமுத்துவுக்குப் போன் பண்ணினேன். "ஆகட்டும் சார், சொல்லிடுறேன்" என்றார். மத்தியானம் நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது ஒரு வீடுகூட அசையவில்லை. ஞானமுத்து குடையோடு நடுவழியில் நின்றார்.

"தோட்டத்துத் துரை கொழுந்து நிறுவைய முடிச்சிட்டுப் போகச் சொன்னாரு சார். பொம்பளைங்க சோறாக்கிட்டு வர்றோம்ங்கிறாங்க. எல்லாரும் வர்றோம்னுதான் சொல்றாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன் சார்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் மேல் லயத்திலிருந்து கூச்சல் கேட்டது. ராசம்மா வீட்டுக் கதவு காலையிலிருந்து நிலையில் பொருந்தவில்லையாம். பின்பக்கத்து ஊற்றில் தண்ணீர் சேறாக வந்ததாம். மண் நகர்கிறது என்பதற்கு அடையாளம் அது. அவள் யாரையும் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய்ச் சனத்தை விரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பாக்கியம், உலை கொதிக்கிறது, இறக்கிவிட்டு வருகிறேன் என்றாள். ராசம்மா ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றிவிட்டாள்.

"இப்ப வா."

பாக்கியம் அவளை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. ஏசிக்கொண்டே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள்.

பாடசாலையில் சில நாட்கள் கிடந்தார்கள். கழிவறை அடைத்துக்கொண்டது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. மழை விட்டது. மலை விழவில்லை.

மலை விழாததற்கு ராசம்மா குற்றவாளி ஆனாள். அடுத்த கூட்டத்தில் அவளைக் கண்டிக்க வேண்டும் என்று கேட்டார்கள். வாயில்லாத சனம் என்று எங்களைச் சொல்வார்கள். அன்று வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாக்கியம் தன் நனைந்த அடுப்பைப் பற்றிப் பேசினாள். அரைநாள் பேர் போச்சு, கூலியும் போச்சு என்றார் ஒருவர். மலை விழுந்திருந்தால்தான் அவள் நல்லவளா என்று நான் கேட்டேன்.

ஞானமுத்து எழுந்தார். சபையில் செபிக்கும் அந்தக் குரல் வரவில்லை, தடுமாறினார்.

"நான் உங்களுக்கெல்லாம் நல்லவனா இருக்கணும்னு பாத்தேன். அன்னைக்கு மலை எறங்கியிருந்தா உங்க எல்லாரையும் நான்தான் கொன்னிருப்பேன். எனக்கு இந்த வேல வேணாம். ராசம்மாவப் போடுங்க."

எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. ராசம்மா எழுந்தாள்.

"நான் கேட்டேனா? இவங்களுக்கு நான் வேணாம். எனக்கும் இவங்க வேணாம்."

அவ்வளவுதான். தொழிற்சங்கத் தலைவர் சந்தனம் பதவியை எடுத்துக்கொண்டார். நியாயமாகச் சொல்கிறேன், சந்தனம் ஒன்றுமில்லாத ஆள் அல்ல. பொலிசில் பேசத் தெரியும், துரையிடம் பேசத் தெரியும், பாதைக்குக் கல் போட வைத்தவர் அவர்தான். திறமை இருந்தது. தகரம் வந்தால் முதலில் யார் கூரைக்குப் போகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கை தூக்கினார்கள்.

நான் ஓய்வு பெறவிருந்த வருஷம் திரும்பவும் பெருமழை வந்தது. எச்சரிக்கை வந்ததும் சந்தனத்துக்குப் போன் அடித்தேன். அது வேலை செய்யவில்லை. ஏதோ கூட்டம் என்று பண்டாரவளைக்குப் போயிருந்தார். பாதையில் மரம் விழுந்து என்னாலும் போக முடியவில்லை. கடைசியில் ஞானமுத்துவுக்கு அடித்தேன். இனி நடந்ததை நான் பார்க்கவில்லை, பிறகு அவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

ஞானமுத்து நேரே ராசம்மாவின் வாசலுக்குப் போனார்.

"தங்கச்சி, எனக்குச் சொல்ல வராது. நீ சொல்லு. நான் கூட நிக்கிறேன்."

அவள் அவரைப் பார்த்தாளாம். பதவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மழைக்குப் போடும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இருவருமாக ஒவ்வொரு வாசலுக்கும் போனார்கள். அவள், "எழும்பு, பிள்ளையத் தூக்கு" என்பாள். போன தடவை மாதிரியா என்று வீட்டுக்காரர்கள் எகிறுவார்கள். பிறகு அவளுக்குப் பின்னால் நனைந்துகொண்டு நிற்கும் ஞானமுத்துவைப் பார்ப்பார்கள். இந்த மனிதர் பொய்க்கு நிற்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். பாக்கியம் இந்தத் தடவை தானாகவே அடுப்பை அணைத்தாளாம். துரையின் ஆள் வந்து நிறுவை முடியட்டும் என்றபோது, ஞானமுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் "முடியாதுங்க" என்றாராம்.

பின்னேரம் பாடசாலையில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தபோது மலை இறங்கியது. சத்தம் லொறிகள் நிறைய ஒன்றாகக் கல் கொட்டியது போல இருந்ததாம். மேல் லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. மாடுகள் போயின, கோழிகள் போயின, இத்தனை காலம் சேர்த்த சாமான் எல்லாம் போயிற்று. மேற்பிரிவில் ஒரு மனித உயிர்கூடப் போகவில்லை. அடுத்த நாள் நான் நடந்தே போய், பேர் கூப்பிட்டுப் பார்த்தேன். கூப்பிட்ட ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்தது. என் உத்தியோகத்தில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

இத்தோடு முடித்திருந்தால் அது கதை. ஆனால் முகாமில் நிவாரணம் பங்கிடவும் புது வீட்டுக் காணி பார்க்கவும் ஒரு குழு வேண்டுமென்று உத்தரவு வந்தது. நான் நடத்திய கடைசிக் கூட்டம் அதுதான். சந்தனம் ஒரு பெரிய மனிதரோடு வந்திருந்தார். படமெடுக்க ஆட்களும் வந்திருந்தார்கள். நான் வாய் திறந்ததும் பின்னாலிருந்து குரல்: "சந்தனம்!" இன்னொரு குரல்: "வழிமொழியிறேன்!" கைகள் எழும்பத் தொடங்கின. ராசம்மா பிடரியைப் பிடித்துத் தள்ளி உயிரோடு கொண்டுவந்த அதே கைகள்.

அத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு கூட்டத்திலும் நான் சத்தம் போட்டதில்லை. அன்று போட்டேன். "கையை இறக்குங்க! மண்ணுக்குள்ள போகவேண்டியவங்க நீங்க! வெட்கமாயில்ல?" இன்னும் என்னவோ சொன்னேன். உத்தியோகத்தர் சொல்லக்கூடாதவை. அந்தப் பெரிய மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் ஓய்வூதியமே கிடைக்காது என்று நினைத்தேன்.

"சார், ஒக்காருங்க." ராசம்மாதான். "நீங்க கத்தி என்னா ஆகப்போகுது? எம் பேர நானே சொல்றேன். மேல் லயத்து சனத்த எறக்குனது நான். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். தன் பேரைத் தானே சொல்லலாம், விதியில் தடையில்லை. வழிமொழிய ஒருவர் வேண்டும். ஞானமுத்து ஆஸ்பத்திரியில், நெஞ்சுச் சளியோடு. கூட்டத்தைப் பார்த்தேன். ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெரிய மனிதர் அங்கே உட்கார்ந்திருக்கையில் யார் வாய் திறப்பார்கள்?

"நான் வழிமொழியிறேன்."

பாக்கியம். சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோபமாகவே நின்றாள்.

"காரணம் சொல்லணும்" என்றேன். விதி விதிதான்.

"இவ வாய் எனக்குப் புடிக்காது. எப்பவும் புடிக்காது. ஆனா அன்னைக்கு எம் பிள்ளைய இவதான் எழுப்புனா. சோத்துக்கு அரிசி பங்கு போடுறப்ப எங்க வூட்டுக்குக் கூடவும் தரமாட்டா, கொறையவும் தரமாட்டா. வேற யாரச் சொல்லட்டும்?"

பெண்கள் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. பிறகு பத்துப் பதினைந்து. ஆண்கள் மனைவிமாரின் முகத்தைப் பார்த்தார்கள். சந்தனத்தின் ஆட்களிலும் சிலர் கை மாற்றினார்கள். நான் ஒருமுறைக்கு இருமுறை எண்ணினேன். ராசம்மா தெரிவானாள், கொஞ்ச வித்தியாசத்தில்தான். படமெடுக்க வந்தவர்கள் அதை எடுக்காமலே போனார்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் என் நம்பர் அந்தச் சனத்திடம் இருக்கிறது. கிழமை தவறாமல் யாராவது போன் அடிக்கிறார்கள். "என்னா சார், நீங்க போட்ட பொம்பள, முகாமுக்கு வராத ஆளுக்குப் பங்கு கெடையாதுங்கிறா." "சார், எங்க மச்சானுக்கு முன்பக்கக் காணி கேட்டா, சீட்டுக் குலுக்கித்தான் தருவேங்கிறா. இதெல்லாம் நியாயமா?" நேற்றுக் காலை பாக்கியமே அடித்தாள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான், அவளுக்கும் அதுதான். நான் போடவில்லை, நீங்கள் கை தூக்கினீர்கள் என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, நிம்மதியாகப் பல் விளக்கப் போனேன்.